கார் இன்சூரன்ஸ் பேப்பர் தொலைந்துவிட்டதா? ஆபீஸுக்கு அலைவதா, போனிலேயே முடிப்பதா

காரின் இன்சூரன்ஸ் பேப்பரைக் காணோம் என்று யாரிடமாவது சொன்னால் நம் ஊரில் உடனே கிடைக்கும் யோசனை "முதல்ல ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைன்ட் கொடுத்துடுங்க" என்பதுதான். அடுத்த யோசனை, தெரிந்த ஏஜென்ட் ஒருவரின் போன் நம்பர். இரண்டையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அந்தப் பேப்பர் இப்போது எதற்காக வேண்டும் என்று முதலில் பாருங்கள். அண்ணா சாலையில் டிராஃபிக் போலீஸ் நிறுத்தினால் காட்டவா, மழைத் தண்ணீரில் நின்ற வண்டிக்குக் கிளெய்ம் போடவா, வண்டியை விற்கவா, இல்லை அடுத்த மாதம் ரின்யூ செய்யவா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, பிடிக்கும் நேரமும் வேறு. எதுவாக இருந்தாலும் ஆபீஸில் சீல் வைத்த டூப்ளிகேட் வாங்கியே ஆக வேண்டும் என்று இன்னும் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், தேவைப்படுகிற சில பேரையும் சொல்கிறேன்.

ஆர்சி புக் தொலைவதையும் இன்சூரன்ஸ் பேப்பர் தொலைவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி அலைச்சல் ஆரம்பிக்கிறது. ஆர்சி போனால் போலீஸில் தெரிவித்து, படிவம் 26 நிரப்பி, ஆர்டிஓ ஆபீஸில் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். அது அரசு கொடுக்கும் ஆவணம். பாலிசி உங்களுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். நீங்கள் பிரீமியம் கட்டியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன கவர், எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேப்பரை நாய் கடித்துப் போட்டாலும் கவர் அப்படியேதான் இருக்கும். ஆகவே சாதாரணமாக எஃப்ஐஆர் எல்லாம் வேண்டாம். பையோடு ஆர்சி, லைசன்ஸ் எல்லாமே சேர்ந்து போயிருந்தால் கதை வேறு. அப்போது தமிழ்நாடு போலீஸின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கை போட வசதி இருக்கிறது, ஆர்சிக்கும் லைசன்ஸுக்கும் அது எப்படியும் தேவைப்படும்.

சரி, வழிகளைப் பார்ப்போம். என் பார்வையில் முதல் இடம் கம்பெனியின் இணையதளம், ஆப் அல்லது வாட்ஸ்அப் எண்ணில் பிடிஎஃப் எடுப்பதற்குத்தான். காசு இல்லை, நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், கிடைப்பது முழுப் பாலிசி. பல கம்பெனிகளில் பாலிசி நம்பர் தெரியாவிட்டாலும் வண்டி நம்பரும் பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபியும் போதும். எந்தக் கம்பெனி என்பதே மறந்துவிட்டதா, இது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது, வருடா வருடம் எது மலிவோ அதற்கு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு முக்கியமாக. மத்திய அரசின் எம்பரிவாஹன் ஆப்பிலோ வாகன் தளத்திலோ வண்டி நம்பரைப் போட்டால் எதுவரை இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதும் கம்பெனி பெயரும் தெரியும். அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை: மெயிலில் வண்டி நம்பரை இடைவெளி இல்லாமல் டைப் செய்து தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இடைவெளி விட்டு ஒரு தடவை. பாதி பேருடைய தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

இந்த வழியில் ஒரே சிக்கல், ஷோரூமில் எடுத்த பாலிசி. அங்கே பில் போடுகிறவர் அவசரத்தில் உங்கள் மெயில் ஐடிக்குப் பதில் ஷோரூமின் மெயிலையும், சில சமயம் மொபைல் நம்பரையும் சேர்த்தே போட்டு அடித்துவிடுவார். நமக்குத் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் அது தெரியும், ஓடிபி யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் கம்பெனியின் கஸ்டமர் கேரை அழைத்து சாசி நம்பரும் இன்ஜின் நம்பரும் சொல்லுங்கள், இரண்டும் ஆர்சியிலேயே இருக்கின்றன, அடையாளச் சான்று கேட்பார்கள், அனுப்பினால் போன் நம்பரை மாற்றிக் கொடுப்பார்கள். பாலிசி காப்பி வாங்குகிற சாக்கில் இந்த நம்பரை மாற்றிவிடுவது முக்கியம். நாளைக்கு ஒரு கிளெய்ம் என்றால் எல்லாச் செய்தியும் அந்த நம்பருக்குத்தான் போகும்.

அடுத்தது அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரும் எம்பரிவாஹனும். ரோட்டில் காட்ட இவை போதுமா என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது. போதும். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139ஐத் திருத்தி, ஆர்சி, இன்சூரன்ஸ், லைசன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றைக் காகிதமாகவோ மின்னணு வடிவிலோ காட்டலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. டிஜிலாக்கரில் கம்பெனியிடமிருந்து நேரடியாக இழுத்து எடுத்த ஆவணம் ஒரு வகை, நீங்களே போட்டோ எடுத்து அப்லோட் செய்தது இன்னொரு வகை. முதல் வகைக்குத்தான் ஒரிஜினலுக்குச் சமமான மதிப்பு. வாட்ஸ்அப்பில் மச்சான் அனுப்பிய மங்கலான போட்டோவை அப்லோட் செய்துவிட்டு டிஜிலாக்கரில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை.

போலீஸ் சோதனைக்கு என்றால் எம்பரிவாஹன் எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் சோதனை செய்கிறவரும் கையில் உள்ள கருவியில் கிட்டத்தட்ட அதே தகவலைத்தான் பார்க்கிறார். ஆனால் அதில் தெரிவது இன்சூரன்ஸ் இருக்கிறதா, எந்தக் கம்பெனி, எதுவரை என்பது மட்டும்தான். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷன் எடுத்தீர்களா, தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் உதவும் இன்ஜின் புரொடெக்ட் இருக்கிறதா, வண்டியின் மதிப்பு எவ்வளவு போட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே கிடைக்காது. வண்டி விற்கவோ கம்பெனி மாறவோ அது உதவாது, முழுப் பிடிஎஃப்தான் வேண்டும். இன்னொன்று, தகவல் ஏறுவதில் தாமதம் ஆகலாம். நேற்று ரின்யூ செய்திருப்பீர்கள், ஆப்பில் பழைய தேதியே காட்டும். புது வண்டிக்கு இது இன்னும் மோசம். பாலிசி போடும்போது பதிவு எண் இருக்காது, பாலிசியில் சாசி, இன்ஜின் நம்பர் மட்டும் இருக்கும். பிறகு எண் வந்ததும் கம்பெனியிடம் சொல்லிப் பாலிசியில் ஏற்ற வேண்டும், யாரும் சொல்வதில்லை, நாமும் செய்வதில்லை. அந்த எண் ஏறாத வரை வண்டி நம்பரைப் போட்டுத் தேடினால் இன்சூரன்ஸே இல்லாதது போலத் தெரியக்கூடும். பேப்பரும் தொலைந்து, ஆப்பிலும் இல்லை என்று பதறுகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதற வேண்டிய தொகைதான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 4,000, சட்டப்படி மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. ஆனால் இன்சூரன்ஸ் இருந்தும் கையில் காட்ட இல்லை என்பது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 158ஆம் பிரிவு, கேட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டினால், அன்றைக்குக் காட்டவில்லை என்பதற்காக மட்டும் தண்டிக்க முடியாது என்கிறது. சிக்னலில் நின்று சட்டப் பிரிவு பேசச் சொல்லவில்லை. பேப்பர் இல்லாததால் வண்டியையே எடுக்காமல் வீட்டில் நிறுத்தி வைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, ஏஜென்ட் அல்லது டீலர். பாலிசி எடுத்துக் கொடுத்த அதே ஆள் என்றால் ஒரு போன் போட்டால் போதும், அவரிடம் லாகின் இருக்கும், சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். வயதானவர்களுக்கு இதுதான் சுலபம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவரிடம், காசு கொடுத்து 'காப்பி' வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய பிடிஎஃபில் தேதியை மாற்றிப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது பெரிய வித்தை இல்லை. அதில் என்ன கொடுமை என்றால், உங்களுக்கு நிஜமாகவே செல்லுபடியாகும் பாலிசி இருக்கும், கையில் வைத்திருப்பது மட்டும் போலியாக இருக்கும். யார் கொடுத்தாலும் அதிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பாருங்கள், அல்லது பாலிசி நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள்.

நான்காவதுதான் நேரில் ஆபீஸுக்குப் போவது. சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு மயக்கம் உண்டு. யுனைடெட் இந்தியாவின் தலைமை அலுவலகமே ஒயிட்ஸ் சாலையில் இருக்கிறது, சோழமண்டலம் எம்எஸ் பாரிமுனையில் டேர் ஹவுஸில், ராயல் சுந்தரமும் சென்னைக் கம்பெனிதான். உள்ளூரிலேயே இருக்கும்போது நேரில் போய் வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் தலைமை அலுவலகத்துக்குப் போய் டூப்ளிகேட் கேட்டால், பாலிசி போட்ட கிளைக்குப் போங்கள் என்பார்கள். அரசுக் கம்பெனிகளில் இன்னும் வழங்கிய அலுவலகம் எது என்பதற்கு மதிப்பு உண்டு. போகிறீர்கள் என்றால் ஒரு கடிதம், ஆர்சி ஜெராக்ஸ், அடையாளச் சான்று, பழைய பாலிசி அல்லது ரசீது ஏதாவது இருந்தால் அதுவும். சில இடங்களில் ஒரு சின்னத் தொகை கட்டச் சொல்வார்கள், சில இடங்களில் முத்திரைத்தாளில் உறுதிப்பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். ஹைகோர்ட் எதிரில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் வாங்கிக்கொண்டு வருவது அதே பிடிஎஃபின் பிரிண்ட், அடியில் ஒரு சீலோடு. முத்திரைத்தாள் கேட்டால் உடனே ஓடாதீர்கள். பிடிஎஃப் பிரிண்ட் போதாதா, எதற்காக சீல் வைத்தது வேண்டும் என்று ஒரு தடவை கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும்.

யாருக்கு நேரில் போவது நியாயம்? பாலிசிதாரர் இறந்து வாரிசு கேட்கும்போது. வண்டி ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்து அங்கே பொறுப்பாளர் மாறிப் போயிருக்கும்போது. பழைய நம்பர், பழைய மெயில் இரண்டுமே செத்துப் போயிருக்கும்போது. அப்புறம் முக்கியமாக விபத்து வழக்கு. சில வருடங்களுக்கு முன் நடந்த விபத்துக்கு இப்போது நஷ்டஈடு தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கிறது என்றால், இன்றைய பாலிசியால் பயன் இல்லை, விபத்து நடந்த அன்று அமலில் இருந்த பாலிசி வேண்டும். கம்பெனி ஆப்பில் அவ்வளவு பழையது கிடைக்காமல் போகலாம். அங்கே கிளையில் எழுதிக் கொடுத்து, சான்றளித்த நகல் வாங்குவதுதான் சரி, வக்கீலும் அதைத்தான் கேட்பார்.

ஐந்தாவதாக ஒன்று, யாரும் இதை ஒரு வழியாகவே சொல்வதில்லை: பாலிசி முடிய இன்னும் சில வாரங்கள்தான் என்றால் பழையதைத் தேடாமல் நேராக ரின்யூ செய்துவிடுவது. அதே கம்பெனி என்றால் அவர்கள் அனுப்பும் ரின்யூவல் நோட்டீஸிலேயே நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று இருக்கும், உங்களிடம் பேப்பர் கேட்க மாட்டார்கள். கம்பெனி மாறினால்தான் பழைய பாலிசியோ நோட்டீஸோ தேவை. இந்தப் போனஸ் கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் ஆரம்பித்து 25, 35, 45 என்று ஏறி 50 வரை போகிறது, நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கழிவதால் கணிசமான பணம். பேப்பர் இல்லையே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போய், பாலிசி முடிந்து 90 நாள் கடந்தால் அந்தப் போனஸ் முழுக்கப் போய்விடும். பேப்பர் தொலைந்ததால் நிஜமாக நஷ்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கம்பெனி மாறும்போது போனஸைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், இருந்ததைவிட அதிகமாகச் சொல்லிவிட்டால் கிளெய்ம் சமயத்தில் அது கழுத்தைப் பிடிக்கும்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. "தேர்ட் பார்ட்டி மட்டும் புதுசா ஒண்ணு போட்டுக்கோங்க, சீப்தான்" என்பார்கள், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டுமான கவர். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 1,000 சிசிக்குள் உள்ள காருக்கு 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, எல்லாவற்றுக்கும் மேலே ஜிஎஸ்டி. ஏற்கெனவே இருக்கிற கவருக்கு இன்னொரு தடவை பணம் கட்டி, அதில் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் ஒரு பைசாவும் வராது. காசில்லாமல் கிடைக்கிற பிடிஎஃபுக்குப் பதிலாக இதை யார் யோசனை சொன்னாலும், அவருக்கு அதில் கமிஷன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம். 2018 செப்டம்பர் 1க்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு தேர்ட் பார்ட்டி கவர் மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்தால் போதும், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். அடுத்த வருடம் ஓன் டேமேஜை வேறு கம்பெனியில் போடலாம், பலர் போடுகிறார்கள், அங்கே குறைவாக இருக்கும். அப்போது உங்கள் காருக்கு இரண்டு கம்பெனியில் இரண்டு பாலிசி. சட்டம் கட்டாயம் என்று சொல்வது தேர்ட் பார்ட்டியை, அது முதல் வருடம் ஷோரூமில் கொடுத்த பேப்பரில் இருக்கிறது. இரண்டாம் வருடப் பேப்பர் வந்ததும் பழையது முடிந்துபோனதாக நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். புதிய பாலிசியைக் காட்டினால் அதில் ஓன் டேமேஜ் மட்டும் என்று இருக்கும். ஆக, தொலைந்தது எது என்று பாருங்கள், முதல் வருடத்து மூன்று வருடப் பாலிசி என்றால் அந்தக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், இப்போது ரின்யூ செய்த கம்பெனியால் அதைக் கொடுக்க முடியாது. பிடிஎஃப் கிடைத்ததும் இரண்டையும் போனில் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு இன்னொரு தலைவலி. பாலிசி முந்தைய ஓனர் பெயரில் இருக்கும், ஓடிபி அவருக்குப் போகும், அவர் இப்போது கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருப்பார். இங்கே காப்பி தேடுவது இரண்டாம் வேலை. விற்பனைக்குப் பிறகு தேர்ட் பார்ட்டி கவர் சட்டப்படி புது ஓனருக்கு வந்துவிடும், 157ஆம் பிரிவு 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. ஓன் டேமேஜ் அப்படித் தானாக வராது, பெயர் மாற்றாமல் வண்டி அடிபட்டால் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே பழைய ஓனர் பெயரில் உள்ள பேப்பரைத் தேடி அலைவதைவிட, ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிய நகலோடு கம்பெனிக்குப் போய்ப் பெயர் மாற்றம் கேளுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், கட்டியதும் உங்கள் பெயரில் பேப்பர் வரும். இந்த விஷயத்துக்கும் நேரில் கிளைக்குப் போவதை நானே சொல்வேன்.

மழைக்காலம் பற்றிச் சொல்லாமல் சென்னையில் காரைப் பற்றி எழுத முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ வண்டிகளின் டேஷ்போர்டுக்குள் இருந்த பேப்பர் எல்லாம் கூழாகிப் போனது. இப்போது மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி பாலத்தின் மேல் வரிசையாகக் கார் நிற்கிறது, நல்லதுதான். ஆனால் தண்ணீர் ஏறிய வண்டிக்குக் கிளெய்ம் போட பேப்பர் வேண்டும் என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை. வண்டி நம்பரைச் சொல்லி கஸ்டமர் கேரில் தகவல் கொடுத்தாலே கிளெய்ம் நம்பர் கிடைக்கும், பாலிசி அவர்களிடமே இருக்கிறது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பது ஆர்சியும் லைசன்ஸும்தான். பேப்பரைத் தேடிக்கொண்டு தாமதிப்பதுதான் தப்பு, அதைவிடப் பெரிய தப்பு ஓடுகிறதா பார்ப்போம் என்று இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவது.

கம்பெனி காப்பி கொடுக்காமல் இழுத்தடித்தால்? அபூர்வம், ஆனால் நடக்கிறது, எனக்குத் தெரிந்த ஒருவரை ஒரு கிளையில் மேனேஜர் லீவு, சர்வர் இல்லை என்று வாரக்கணக்கில் சுற்ற விட்டார்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். அசையவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளம் அல்லது 155255 என்ற போன் எண். அதற்கும் மேலே இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஒரு காப்பிக்காக அங்கே வரை போக வேண்டியிருக்காது. பீமா பரோசாவில் பதிவு செய்தேன் என்று புகார் எண்ணோடு ஒரு மெயில் போட்டாலே மேனேஜர் லீவிலிருந்து வந்துவிடுவார்.

அப்படியானால் வரிசை இதுதான்: மெயிலில் தேடல், கம்பெனி ஆப், ரோட்டுக்கு எம்பரிவாஹன், தெரிந்த ஏஜென்ட், கடைசியாகக் கிளை. கிடைத்த பிடிஎஃபை அப்படியே விட்டுவிடாமல் முதல் இரண்டு பக்கத்தைப் படியுங்கள், பெயர், வண்டி நம்பர், சாசி நம்பர், தேதி, இன்ஜின் புரொடெக்ட் உண்டா இல்லையா. ஏதாவது தப்பாக அச்சாகியிருந்தால் திருத்தச் சொல்ல இதுவே நேரம், அடிபட்ட பிறகு சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வீட்டில் அந்தக் காரை ஓட்டுகிற எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். டிரைவர் வைத்திருந்தால் அவருக்கும். ஸ்மார்ட்போன் இல்லாத அப்பா ஓட்டுகிறார் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவரிடம் கொடுத்தால் சரி.